அப்பாவுக்கு மூக்கு இல்லாத படம்

மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த அக்காவும் தம்பியும் ஸ்டூடியோ கவரைப் பிரித்தார்கள்.

"அப்பாவுக்கு மூக்கே இல்லையேடா," என்றாள் அக்கா.

"பெருசு பண்ணினா இப்படிக் கட்டம் கட்டமாத்தான் வருமாம். அத்திம்பேரோட டிஜிட்டல் கேமராவுல இருக்கறதுலயே சின்ன சைஸ்ல எடுத்திருக்கோம்."

"நெகடிவ்லேர்ந்து போடச் சொல்லேன்."

"இதுக்கு நெகடிவே கிடையாதுக்கா."

"நாளைக்குப் பதிமூணாம் நாள். எந்தப் படத்துக்குடா மாலை போடறது?"

தம்பி படத்தை மறுபடி கவருக்குள் வைத்தான்.

"கேமராவைச் சின்னதுல வெச்சது எங்காத்துக்காரர்தானே?"

"இல்லக்கா. அப்பாதான் வைக்கச் சொன்னார். பெருசுல வெச்சா இருபது படம்தான் பிடிக்கும், உன் கல்யாணத்துக்கு வந்தவா ஒருத்தர் விடாம படத்துல விழணும்னார்."