சூளைக்குப் போகாத அரக்கன்

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவள் மற்றவளை அண்ணி என்று அழைத்தாள்.

"ராஜா, குதிர, அரக்கன்னு அத்தன பேரையும் சூளையில வெச்சா கொன்னீங்க, அண்ணி?"

"பீங்கான் பொம்மைக்குப் பெயிண்ட்டு அடிச்சா சுடணும்னுதானே நம்மூர்ல பழக்கம்? அந்த நெனப்புலயே பக்கத்து வூட்டு சூளைக்குக் குடுத்துட்டேன். பிளாஸ்டிக்குங்கறதே மறந்துபோச்சு."

"துபாய்லேருந்து அண்ணன் ஆசையா அனுப்புன, சதுரங்கம் மாதிரி வெளயாட்டு. காய்க்கெல்லாம் பெயிண்ட்டு அடிச்சு வை, வந்து ரெண்டு பேரும் ஆடலாம்னாங்க. இப்ப எதிரிங்க எல்லாம் உருகி ஒரே உருண்டையா ஒத்துமையா இருக்காங்க."

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு வராங்க. நான் பெயிண்ட்டு அடிச்சேன்னு எதக் காட்டுவேன்?"

"ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"மொதமொதல்ல அடிச்சது ஒண்ணு இருக்குது. மூக்கு வழிஞ்சு, கண்ணு கோணிப்போயி, பாக்கவே அசிங்கம். வெக்கப்பட்டுதான் அத மட்டும் சூளைக்கு அனுப்பல."

அண்ணி கைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவேயான ஓர் அரக்கனை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கவலைய வுடுங்க அண்ணி. அப்படியே எங்க அண்ணன் மூஞ்சி. அவங்கள நெனச்சே அடிச்சேன்னு சொல்லிடுங்க."