கரை மாறிய சேலை

"ஏட்டி, சேலையைத் தலைகீழாக் கட்டியிருக்கேன்னு தெரியுதா?"

ஓட்டப்பிடாரம் கல்யாணத்துக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தோழியிடம் கேட்டாள். போன கல்யாணத்தில் காலடியில் இருந்த சிவப்புக் கரை இடுப்புக்குள் போய்விட, பச்சைக் கரை கீழே வந்திருக்கிறதாம். எனக்குத் தெரியவில்லை, சேலை வழக்குகளில் என் சாட்சி செல்லாது.

"ரவிக்கையும் பச்சையில்லா? புதுச்சேலை மாதிரியே இருக்கு!"

"எங்க நாத்தனா கண்டுபிடிச்சா மண்டபத்துல வச்சே மானத்தை வாங்கிருவா."

பசுவந்தனையில் அந்த நாத்தனாரே ஏறினாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுசா மதினி? யாரு எடுத்தது?"

"ஒங்கண்ணன்தான்."

"நெசமாவாண்ணே?"

என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த முன்சீட்டுப் பெண்ணின் கணவர் விழித்து, மனைவியின் சேலையை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கேன்."