பயணக் கஷாயம்

ஹனிசக்கிள் பூவை விடிந்த கையோடு பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வாசனை பாதி போய்விடும், வண்டுகளும் பங்குக்கு வந்துவிடும். நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது எங்கள் பின்வாசல் வேலியில் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடிதான். வீட்டில் அதைத் தேன்கொடி என்போம். வெள்ளையாகப் பூத்து ஓரிரு நாளில் மஞ்சளாகிவிடும். காம்புப் பக்கம் கிள்ளி உறிஞ்சினால் ஒரு துளி தேன் கிடைக்கும். தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த ஒரு துளிக்காகக் கொடியையே மொட்டையடித்துவிடுவான்.

அவனுக்குத் தொண்டைதான் சத்துரு. மழை என்று யாராவது சொன்னாலே கட்டிக்கொள்ளும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தொண்டை என் பொறுப்புக்கு வந்தது. பூவைக் கொதிநீரில் போட்டு மூடிவைத்து, துணியில் வடிகட்டி, ஆறியதும் தேன் விட்டுக் கொடுப்பேன். வறட்டு இருமல் என்றால் பூவைத் தேனிலேயே ஊறவைக்க வேண்டும். வாய்ப்புண்ணுக்கு இலைத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். தெருவில் யார் தும்மினாலும் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். எனக்குக் கைராசி என்று பேர்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் கூடக் கிண்டல் செய்வார். "நீங்க இருக்கிற வரைக்கும் என் கடையில இருமல் மருந்து தூசிதான் தட்டணும்," என்பார். ஒருநாள் வேலிப்பக்கம் வந்தவர் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் கிடந்த பழங்களைப் பார்த்துவிட்டு, "பூ சரி. பழத்துப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. வயித்தைப் புரட்டி எடுத்துடும்," என்றார். நல்ல மனிதர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இவ்வளவு பக்குவம் பார்த்து வளர்த்த தொண்டையிலிருந்து எப்படிப்பட்ட குரல் வந்தது தெரியுமா? நீங்களும் கேட்டிருப்பீர்கள். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் வருகிறது என்று சொன்னது என் தம்பிதான். தெருவில் அவனுக்கு மைக் என்றே பெயர். காலையில் துணி காயப்போடும்போது காற்று நம் பக்கம் அடித்தால் அவன் குரல் மாடிக்கே வந்துவிடும். ஊரையே வழியனுப்பி வைத்துவிட்டு, சாயங்காலம் ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுவான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் பயணம் புறப்பட்டாலும் என் கையால் ஒரு தம்ளர் கஷாயம் குடித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். யார் என்ன, அவன்தான். நான் எங்கே போகப் போகிறேன்?

ஒரு பெரிய நகரத்து வானொலியில் அவனைக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தலைகால் புரியாமல் ஆடினான். "ஒரு வாரந்தான்க்கா, போயிட்டு ஓடி வந்துடுவேன்," என்றான். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். தேர்வானால் அங்கேயே தங்கிவிடுவான். பிறகு அந்த வீட்டில் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவது? அன்றைய கஷாயத்தில் கொஞ்சம் பழத்தை நசுக்கிச் சேர்த்தேன். தேன் கூடுதலாக விட்டேன், பிள்ளைக்குக் கசக்கக் கூடாதே. வாசல் தாண்டுவதற்குள் வாந்தி. அவன் போக வேண்டிய வண்டி புறப்படுவதை வேறு யாரோ கரகரவென்று அறிவித்தது வீட்டுக்குக் கேட்டது. அன்று முழுக்க என் மடியில்தான் தலை வைத்துப் படுத்திருந்தான். சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்னாவேன்க்கா," என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது டிக்கெட் கவுண்டர்ப் பெண். இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு, அவள் ஊருக்குப் போய்ப் பெற்றவர்களைப் பார்க்கப் புறப்பட்டான். எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் இல்லை, சிரித்த முகம். ஆனால் அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது, தொண்டையை யார் பார்ப்பது? அந்த முறையும் அவன் படி இறங்கவில்லை. அவளுடைய அப்பா ரோஷக்காரர், வராத மாப்பிள்ளைக்கு இன்னொரு நாள் குறிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பி சில நாள் சாப்பிடாமல் கிடந்தான். நான்தான் ஊட்டி எழுப்பி உட்கார வைத்தேன்.

போன வாரம் வானொலிக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை தேர்வெல்லாம் இல்லை, நேராக வேலை. பெட்டி பெரிதாக இருந்தது. குளிர்காலச் சட்டையெல்லாம் எடுத்து வைத்தான். அதைப் பார்த்ததும் என் கை சற்றுத் தாராளமாகிவிட்டது. பழத்தை நசுக்கிப் போட்டது நான்தான். மூன்று முறையும் நான்தான். நீங்கள் கேட்டது இந்த வரியைத்தான் என்றால், இதோ எழுதிவிட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வழக்கம்போல அவன் தம்ளரை வாங்கி வீட்டிலேயே குடித்திருந்தால் வாசலோடு முடிந்திருக்கும். அவனோ, "அங்க போனதும் பேசிக் காட்டச் சொல்வாங்க. வழியெல்லாம் தொண்டையை நனைச்சுக்கிட்டே போறேன்," என்று பாத்திரத்தில் இருந்த அத்தனையையும் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டான். என்னால் தடுக்கவா முடியும்? என்ன காரணம் சொல்வது? வாசலில் நின்று கையசைத்தேன். என் கஷாயத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகும், அது சரியாகட்டும் என்று அதையேதான் மறுபடி மறுபடி குடித்தானாம், பக்கத்து இருக்கைக்காரர் சொன்னாராம். ஒரு சொட்டு மீதம் வைக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்தில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்திருக்கிறான். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது மூச்சு திணறியதால் அவசரமாகத் தொண்டைக்குள் குழாய் செருகினார்களாம். உள்ளே காயம். உயிருக்குப் பயமில்லை, பழைய குரல் மட்டும் திரும்பாது என்கிறார் டாக்டர். நான் அத்தனை வருடம் பார்த்துப் பார்த்துக் காத்த தொண்டையில் யாரோ கண்டவன் குழாயை விட்டிருக்கிறான். அந்த ஆளையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அவனைப் பார்க்கப் போனேன். நர்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "முழிச்சுட்டார். பேசவும் செய்றார், காத்துதான் வருது. ஆனா அக்காவை மட்டும் உள்ள விடாதீங்கன்னு சொல்றார்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தலை வாராமல் என் முன்னால் வரமாட்டான். நான்கு நாள் தாடியோடு அக்கா பார்த்துவிடக் கூடாது என்று கூச்சம்.

அதனால் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. காவல் நிலையத்திலிருந்து சீக்கிரம் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. அவன் அறையில் விரிப்பு மாற்றிவிட்டேன், பூவும் பறித்து நிழலில் உலர்த்தியிருக்கிறேன். இனிமேல் பழம் சேர்க்க மாட்டேன், வேண்டுமானால் அதையும் எழுதித் தருகிறேன். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவன் இனி எங்கே போய்விடப் போகிறான்?