வெட்டாமலே தோற்ற ஊசி

ஒளியை ஊசிமுனையில் ஏற்றும் ஆய்வகத்தின் தலைவரம்மா அவர்களே! கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னை முறைக்கும் பெரியவர்களே! "கம்ப்யூட்டரை அணைச்சுட்டுச் சாப்பிட வா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிய தாய்மார்களே! நேரலையில் இதயங்களைப் பறக்கவிடும் இணைய உறவுகளே! வணக்கம்!

என் அக்கா இந்த ஆய்வகத்தில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். பேட்டரிக்குள் படியும் மெல்லிய படலம் என்ன பொருள் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். தங்க ஊசியின் நுனியில் ஒளியைக் குவித்துப் படலத்தின் அருகே கொண்டுபோனால், திரும்பி வரும் நிறங்களே அதன் பெயரைச் சொல்லும். சொன்னதா? இல்லை! நுனியில் ஒளி போதாமல் இரைச்சல், வெறும் இரைச்சல்! இந்தக் கல்விப் பருவத்துக்குள் சொல்லாவிட்டால் அக்காவின் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள்.

விடுவேனா? விளையாட வாங்கிய கணினியை வேலைக்கு அனுப்பினேன். ஊசியின் வடிவத்தை மாற்று, ஒளியைக் கணக்கிடு, மறுபடி மாற்று! வந்தது ஒரு வடிவம். மழுங்கிய நுனி, உடம்பெல்லாம் கோணல்மாணலாகப் பள்ளம்.

அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் தலைவரம்மா சிரித்தார். "என்னம்மா இது, யாரோ கடிச்சுப் போட்ட கேரட்டா? நாங்க வரைஞ்சிருக்கிற ஊசியில ஒளி உன்னோடதைவிடப் பத்து மடங்கு. கணக்கைப் பாரு."

பார்த்தேன். அவர் கணக்கில் ஊசியின் நுனி அளவே இல்லாத ஒரு புள்ளி! "மேடம், கணக்குப் போட ஊசியைக் குட்டிக் குட்டிக் கட்டமாப் பிரிச்சிருக்கீங்களே, அந்தக் கட்டத்தைப் பாதியாக்குங்க." ஆக்கினார். ஒளி எகிறியது. "இன்னும் பாதி." மறுபடி எகிறியது! கட்டம் சிறுக்கச் சிறுக்க ஒளி பெருகினால் அது ஒளியா? கணக்கு காணும் கனவா?

அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். "வாயை மூடுடி, என் சீட்டு கிழிஞ்சிடும்."

இன்று மூட மாட்டேன்! என்ன, பின்வரிசை? "கேரட் வாழ்க"வா? முதலில் கை தட்டுங்கப்பா, கிண்டல் அப்புறம்!

கூர்மை மட்டும் போதுமா? நுனிக்கு ஒளி வந்து சேர வழி வேண்டாமா? அந்தப் பள்ளங்கள்தான் வழி! அழகில்லை என்கிறீர்கள். அழகுப் போட்டிக்கா அனுப்புகிறோம்? பட்டம் எங்கே என்கிறீர்கள். ஒளி என்னிடம் பட்டமா கேட்டது? பாதை கேட்டது!

இரண்டு ஊசிகளையும் தங்கத்தில் வெட்டிச் செய்யுங்கள். ஒரே படலத்தில் வையுங்கள். என்னுடையது தோற்றால் இதே மேடையில் நானே அறிவிக்கிறேன். ஆனால் வெட்டாமலே தோற்கடிக்காதீர்கள்!

என்ன மேடம்? மைக்கில் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

"வெட்டலாம். ரெண்டையும். திங்கட்கிழமை ஊசி வெட்டுற மெஷின் உங்க அக்காவுக்குத்தான்."

அக்கா! கண்ணைத் துடை. வெட்டும்போது தெளிவாத் தெரியணும்!

பொறுத்துக் கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் கத்தியவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்!