பெயர் சொல்லக் கூடாத வலிப்பு

ஓடுகிறேன். ஈர மணல். கால் புதைகிறது. நெஞ்சோடு அணைத்த பிள்ளை என் கையிலேயே வெட்டி வெட்டித் துடிக்கிறது.

"ஏட்டி, நில்லுட்டி! சூடு போடணும், பிள்ளையக் கொண்டா!"

பின்னால் மருத்துவச்சி. கையில் விளக்கில் சுட்ட மஞ்சள் துண்டு. நெற்றியில் வைத்தால் வலிப்பு ஓடிவிடுமாம். எங்கள் கரையில் அதுதான் வைத்தியம். சூடு வாங்கியும் செத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என் அக்காள் மகளுக்கு வைக்க விடமாட்டேன். வேண்டுமானால் என் நெற்றியில் வைத்துத் தொலையட்டும்.

கொல்லம் 1103, ஆனி மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1928. மண்டைக்காட்டை அடுத்த கடற்கரை. அக்காள் இரண்டு நாள் நோவெடுத்துப் பெற்றாள். பிள்ளை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். தட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். நெடுநேரம் கழித்து ஒரு முனகல், அவ்வளவுதான். மறுநாள் காலையில் தொடங்கியது. முதலில் உதடு. சப்பு, சப்பு. பால் கேட்கிறது என்று அக்காள் சந்தோஷப்பட்டாள், பாவி. பிறகு கண் ஒரு பக்கம் செருகியது. வலக்கை இழுத்தது. மூச்சு நின்றது.

மாட்டுவண்டி கிடைத்தது. "அண்ணே, சட்டுன்னு விடுங்க!" என்று கத்துகிறேன். வழியில் மறுபடி வருகிறது. செத்துவிடும் என்றே நினைத்தேன். வண்டிக்காரரின் செம்புத் தண்ணீரை வாங்கி, நானே தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். ஆரோக்கியம் என்று பெயர் வைத்தேன். வண்டி குலுங்கியதில் பாதித் தண்ணீர் என் மடியில்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். வலிப்பு அடங்கியது. எழுந்து நடக்க முடிந்ததும் அக்காளும் வந்து சேர்ந்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பிறக்கும்போது மூச்சு கிடைக்காமல் மூளை அடிபட்டிருக்கிறது. வலிப்பு திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பல வருடம் கழித்தும் வரலாம். தீயருகே, தண்ணீரருகே தனியாக விடாதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

அக்காள் சொல்லவில்லை. எங்கள் கரையில் அந்த நோயின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பி வருமாம். நான் சொல்லப் போனேன். "வாயத் தொறந்தா நீ எனக்குத் தங்கச்சியே இல்ல, பாத்துக்க" என்றாள். பயம் அவளுக்கு. எனக்கும்தான். பிள்ளை வளர்ந்தாள். வலக்கால் கொஞ்சம் இழுக்கும். வேறொன்றும் இல்லை. நாங்கள் நிம்மதியாக இருந்தோம் என்றா நினைக்கிறீர்கள்? மாங்காய் தின்று அவள் சப்புக்கொட்டினாலே எங்களுக்கு உயிர் போய்விடும்.

1935. பட்டப்பகல். கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு, அதாவது மட்டை, ஊறப்போடும் குழி. முழங்கால் அளவுத் தண்ணீர். அக்காள் மீன் விற்கப் போயிருந்தாள். நான் இரணியல் சந்தையில். பக்கத்து வீட்டு லூர்தம்மாள் தொண்டு அள்ளப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போனாள். ஆசையாகத்தான். அள்ளிய தொண்டுகளைக் கரையில் போடத் திரும்பினாள். பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம். தளக், தளக். விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

"போதும் மக்கா, ஏறி வா!"

சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். சத்தம் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று இன்னொரு கூடையையும் அடுக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

எங்களுக்குப் போனவை இவை. ஆரோக்கியம், ஏழு வயது. அக்காளின் குரல், அதன் பிறகு அவள் தெருவில் மீன் கூவி விற்கவில்லை. இன்னொரு பிள்ளை பெறும் தைரியம். லூர்தம்மாள், அந்த வருடமே கரையை விட்டுப் போனாள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. போகிற அன்று என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு வாக்கு எங்கிட்டச் சொல்லியிருந்தா, நான் அவ கைய விட்டிருப்பேனாட்டி?"