திங்கட்கிழமைக் கொடியும் கொடுக்கப்படாத கடிதமும்

பேராக் மாநிலம், பீடோர், ஆனைக்கல் தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் உயர்திரு கார்த்திகேசு அவர்களுக்குப் பணிநிறைவு நாளாம் 27.2.1984 திங்கட்கிழமை நண்பகல் உடன்பணியாற்றியோர் வாசித்தளித்த மடல்

மாசி பாதி கழிந்துவிட்டது. ஆனைக்கல் தோட்டத்து ரப்பர் மரங்கள் பச்சையைச் செம்மையாக்கி, செம்மையைச் சருகாக்கி, சருகை மண்ணுக்கு ஈந்துகொண்டிருக்கின்றன. காற்று அசையாத போதும் இலை விழுகிறது. ஓரிலை தரை தொடும் ஓசை, அடுத்த இலை தொடும் வரை செவியில் தங்குகிறது. நிழலே உருவான தோட்டம் நிழலிழந்து நிற்கும் இந்நாள்களில், மொட்டைக் கிளைகளின் ஊடே வானம் தாழ இறங்கி, நாம் பேசுவதைக் கேட்க வந்தது போல் நிற்கிறது. பால் வற்றும் பருவம் இது. புள்ளினம் குறையும் பருவம். எவரும் சொல்லாமலே எல்லாரும் குரல் தாழ்த்தும் பருவம்.

இப்பருவத்திலே எங்களைப் பிரியும் பெருந்தகையே! அறிவால் உயர்ந்து, அடக்கத்தால் அதனினும் உயர்ந்த அண்ணலே! செந்தமிழும் திருமுறையும் நாவிலும், செய்ந்நன்றியும் செம்மையும் நெஞ்சிலும் குடிகொண்ட செல்வரே! தங்களை வணங்குகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அத்தாப்பு ஓலைக் கூரையும் மண் தரையுமாக இருந்த இப்பள்ளிக்குள் இருபத்திரண்டு வயது இளைஞராய் அடியெடுத்து வைத்தீர்கள். இன்று பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட இதிலிருந்து ஐம்பத்தைந்து வயது மூத்தவராய் விடைபெறுகிறீர்கள். இடையிலே முப்பத்து மூன்று ஆண்டுகள். பால் வாளி சுமக்கப் போன பிள்ளைகளைக் கரும்பலகை முன் அமர்த்தினீர்கள். சாயங்காலம் திருமுறையும் சனிக்கிழமை தோறும் தோட்டத்தாருக்கு மனு எழுதுதலும் தங்கள் நியதியாயின. பிரம்பு ஒன்று அலமாரி மேல் இருந்தது. அதை எடுத்து எவரையும் அடித்ததாக எங்களில் எவருக்கும் நினைவில்லை.

இவ்வாறே நற்குணங்களை நிரல்பட எழுதி இம்மடலை முடித்திருப்போம். ஆனால் சென்ற வாரம் ஆசிரியர் அறையில் தாங்கள் விதித்த நிபந்தனை எங்கள் எழுதுகோலைத் தடுத்தது. "நல்லத மட்டும் எழுதாதீங்க. அந்தக் கடுதாசியையும் எழுதுங்க. இல்லாட்டி நான் மாலை வாங்க மாட்டேன்" என்றீர்கள். தங்கள் சொல்லைத் தட்டாமல் எழுதுகிறோம்.

எழுபதாம் ஆண்டு. தோட்டத்தாரில் பலர் கையில் சிவப்பு அடையாள அட்டை. அது வைத்திருந்தோர் இந்நாட்டில் வாழலாம், இந்நாட்டவர் ஆகார். குடியுரிமைக்குரிய நீல அட்டை இல்லையேல் வேலை செய்வதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்த காலம் அது. பால்மரம் வெட்டிய கைகள் பயணப் பெட்டி கட்டத் தொடங்கிய அந்நாளில், தாங்கள் பதினாறு பேரைத் திரட்டி, மாலை ஐந்து மணிக்குப் பாடம் தொடங்கினீர்கள். கொடியிலே ஏன் பதினான்கு கோடுகள், விண்மீனுக்கு ஏன் பதினான்கு முனைகள், பிறையும் மஞ்சளும் எவற்றைக் குறிப்பன, நாட்டுச் சின்னத்தில் கேடயத்தை ஏந்தி நிற்கும் இரு புலிகள் யாருக்குக் காவல், அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட நாட்டு நெறியாகிய ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் எவை என்று, எழுத்தறியாதோர் நெஞ்சிலும் எழுதினீர்கள்.

அவ்வகுப்பின் கடைசி வரிசையிலே காளியம்மா அமர்ந்திருந்தார். இரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். கணவரை இழந்தவர். பதினோரு வயது மகள் மங்களத்தோடு ஏழாம் லயத்து வரிசை வீட்டில் வாழ்ந்தவர். மகள் இந்த மண்ணில் பிறந்து இந்நாட்டவளாயிருக்க, தாய் மட்டும் அயலாராய் நின்ற வீடு அது.

ஒன்பது மாநில மன்னர்கள் கூடித் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராய்த் தேர்ந்தெடுக்கும் முறையைத் தாங்கள் விளக்கிய மாலை, காளியம்மா கேட்டாராம்: "அஞ்சு வருசத்துக்கு ஒருத்தரா சார்? நம்ம லயத்துல பைப்புத் தண்ணிக்கு மொற வச்சிருக்க மாதிரிலா!"

"நீ மொற தவறி வாளிய வைக்கிறவ. ஒன்னயெல்லாம் அங்க விட்டா ஒம்பது பேருக்கும் சண்டதான்" என்றாராம் பக்கத்தில் அமர்ந்து படித்த ஐயாவு.

செம்பருத்தியே நாட்டு மலர் என்றபோது காளியம்மா இன்னும் மகிழ்ந்தார். வெள்ளிதோறும் பள்ளி வேலியில் அம்மலரைப் பறித்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகிறவர் அவர். "எங்க ஆத்தாளுக்கும் செம்பருத்தி, நாட்டுக்கும் செம்பருத்தி. அப்ப எனக்குப் பாதிப் பாடம் முன்னாடியே தெரியும் சார்."

நாட்டுப் பண் மட்டும் அவருக்கு நேரத்தில் அடங்கவில்லை. எல்லாரும் முடித்த பின்னும், கடைசி அடியை ஒரு மூச்சு நீட்டிப் பாடுவார். தாங்கள் எத்தனை முறை திருத்தியும் அந்த ஒரு மூச்சு குறையவேயில்லை. அதைக் கேட்டுப் பதினைந்து பேரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

இப்பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் கற்பனையில் பிறந்த வழக்கம். தோட்டத்தாரின் அஞ்சல் பள்ளிக்கே வரும். எவருக்குக் குடியுரிமை ஒப்புதல் வந்தாலும், கடிதத்தை அன்றே கையில் தந்துவிடாமல், அடுத்த திங்கட்கிழமைச் சபையிலே, பிள்ளைகள் நடுவே தந்து, அவர் கையாலேயே கொடியேற்றச் செய்வீர்கள். ஐயாவு ஏற்றிய நாளில், அவரை ஓயாது கிண்டல் செய்யும் காளியம்மா கேலியை மறந்து கயிற்றையே பார்த்து நின்றதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "எனக்கும் அந்தக் கயித்தக் குடுப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாராம். "உன் கையாலதான்" என்றீர்கள்.

எழுபத்தொன்றாம் ஆண்டு பிப்ரவரி இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. காளியம்மாவின் கடிதம் வந்தது. அதைப் பதிவேட்டினுள் வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள். வேலியோரம் அவர் பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் கடுதாசி வந்துச்சா சார்?"

"திங்கக்கெழம நல்ல சேல கட்டிக்கிட்டு வா காளியம்மா."

"எதுக்கு சார்?"

"வா, சொல்றேன்."

மறுநாள் சனிக்கிழமைக் காலை, பால் வெட்டிக்கொண்டிருந்த காளியம்மாவின் மேல், இலையுதிர்ந்து காய்ந்த பெருங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. ஞாயிறன்று அடக்கம் நடந்தது. திங்கட்கிழமை சபை கூடியது. தாங்கள் சொல்ல வைத்திருந்த சொல் கடிதமாய்த் தங்கள் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

அன்று நாட்டுப் பண் பாடி முடித்தோம். முடித்த பின், செம்பருத்தி வேலிப் பக்கத்திலிருந்து, கடைசி அடி ஒரு மூச்சு நீண்டது.

இங்கே கூடியுள்ள புதியோர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டா. பழகிய நாங்களும் அஞ்சினோம். ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிள்ளைகள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே எங்களை அதிகம் அச்சுறுத்தியது. அன்று முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மூச்சு நீண்டது. வேலியோரம் இரண்டடி அகலத்திற்குப் பிள்ளைகள் தாமே இடம் விட்டு நிற்கலாயினர். ஆண்டுதோறும் வந்து சேரும் முதலாம் வகுப்புக் குழந்தைகளும், எவரும் சொல்லித் தராமலே, அவ்விடத்தை விட்டு நிற்கின்றனர். இலையுதிர் பருவத்தில் முற்றமெல்லாம் சருகு மூடும். அந்த இரண்டடியில் மட்டும் மண் தெரியும்.

எழுபத்தாறில் ஆய்வுக்கு வந்த அதிகாரி சபை முடிந்ததும் தங்களை அழைத்து, "அந்த மூலையில ஒரு அம்மா கொஞ்சம் இழுத்துப் பாடுறாங்களே, யாருங்க?" என்றார். தாங்கள் சற்றும் தயங்காமல், "ஒப்புதல் வந்தவங்கதாங்க ஐயா, கடிதம் எங்கிட்ட இருக்கு" என்றீர்கள். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

சிலிபினிலிருந்து மாற்றலாகி வந்த மலாய்மொழி ஆசிரியர் லியாகத் அலி இதனை நம்பவில்லை. காற்றென்றார், தகரக் கூரையின் எதிரொலி என்றார். ஒரு திங்கட்கிழமை, கடைசி அடியை ஒருவரும் பாடாது நிற்குமாறு பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார். முந்திய அடியோடு நூற்றுப் பதினெட்டு வாய்களும் மூடின. கடைசி அடி பாடப்பட்டது. ஒற்றைக் குரலில், முழுமையாக, இறுதியில் ஒரு மூச்சு நீட்டி. லியாகத் அலி அன்று மாலை தங்கள் மேசையருகே வந்து, "இனிமே சோதிக்க மாட்டேன் சார். அவங்க பாடட்டும்" என்றதை நாங்கள் அறிவோம். பக்தியின் பெயர் எதுவாயினும் பணிவின் முகம் ஒன்றே என்பதை அன்று கண்டோம்.

பதின்மூன்று ஆண்டுகளாகத் தாங்கள் கொடிக்கயிற்றைத் தொட்டதில்லை. கடிதத்தையும் எவருக்கும் காட்டியதில்லை. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது. ஆண்டிறுதியில் பள்ளி பீடோர் பட்டணத்துக்குப் பெயர்கிறது. கம்பம் பிடுங்கப்படும். வேலி வெட்டப்படும். சென்ற வாரம் ஆசிரியர் அறையில் அதை எண்ணித்தான் சொன்னீர்கள்: "நான் வரச் சொன்னேன். அவ வந்துக்கிட்டே இருக்கா. சொல்லாம நான் போறேன். பள்ளிக்கூடமும் போயிட்டா, அவ எங்க வந்து நிப்பா?"

அன்றே தாங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குச் சென்று, அதனை நடத்திவரும் காளியம்மாவின் மகள் மங்களத்தின் முன் கடிதத்தை வைத்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். மங்களம் கடிதத்தைப் பிரிக்கவில்லை. தங்கள் கையிலேயே திருப்பித் தந்து, "எங்கிட்ட ஏன் சார் குடுக்கிறீங்க? கேட்டது அம்மாதானே. அதுகிட்ட சொல்லிருங்க" என்றார்.

இதுவரை எழுதிய தாளை நாங்கள் சனிக்கிழமையே எழுதி முடித்தோம். இதன் பின் வருவதை இன்று காலைச் சபை கலைந்த பின் எழுதினோம். மை இன்னும் உலரவில்லை.

இன்று பிப்ரவரி இருபத்தேழு. காளியம்மா மறைந்த அதே தேதி. தேதியைத் தாங்களும் தேர்ந்தெடுக்கவில்லை, நாங்களும் தேர்ந்தெடுக்கவில்லை. தாங்கள் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய நீறணிந்து வந்தீர்கள். சபை கூடி நின்றது. தாங்கள் பிள்ளைகளைப் பார்க்காமல், வேலியோரத்து இரண்டடி வெற்று மண்ணைப் பார்த்து நின்று, பதின்மூன்றாண்டு மடிப்புகள் கிழிந்த தாளை விரித்து, மலாய்மொழியில் ஒருமுறை வாசித்து, பின் தமிழில், பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போலச் சொன்னீர்கள்: "காளியம்மா, உனக்கு வந்துருச்சு. வெள்ளிக்கெழமையே வந்துருச்சு. நான்தான் சொல்லாம வச்சிட்டேன். கயித்தப் பிடி."

மங்களத்தின் கை கயிற்றிலிருந்தது. அதன் மேல் தங்கள் கை. இலையொன்றும் அசையாத காலையில் கொடி ஏறியது. இருவர் இழுக்கும் வேகம் எதுவென்று பல்லாண்டாகக் கண்ட எங்களுக்குத் தெரியும். கொடி அதனினும் விரைவாக ஏறியது.

நாட்டுப் பண் பாடினோம். முடித்தோம். காத்திருந்தோம். நீளவில்லை. அவர் எங்களோடு சேர்ந்தே முடித்தாரா, பாடவே இல்லையா என்று எங்களில் எவராலும் சொல்ல முடியவில்லை. சபை கலையும்போது முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த இரண்டடி மண்ணின் மேல் ஓடிப் போனார்கள். அதையும் பார்த்தோம். அங்கே ஒரு சருகு விழுந்து கிடந்தது.

எல்லாரும் வகுப்புக்குச் சென்ற பின் தாங்கள் தனியே நின்றீர்கள். வேலியிலிருந்து ஒரு செம்பருத்தி பறித்து, கடிதத்தை மடித்துக் கம்பத்தின் அடியில் வைத்து, அதன் மேல் அம்மலரை இட்டு, செருப்பைக் கழற்றி, கைகூப்பி, கண்மூடி, ஓசையின்றி ஒரு பதிகம் முழுவதும் ஓதினீர்கள். சன்னல் வழியே கண்ட நாங்களும் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றோம்.

ஐயா, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டே செல்கிறீர்கள். இனித் தங்கள் திங்கட்கிழமைகள் அமைதியாய் விடியட்டும். துணைவியாரோடும் மக்களோடும் நோயின்றி, நினைவு தளராது, நூறாண்டு காண்பீர்களாக. தங்கள் குரல் எங்கு ஓதினும் அதைக் கேட்க ஒரு செவி என்றும் இருப்பதாக. திருவருள் முன்னே நடந்து வழிகாட்டுவதாக.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத ஆசிரியரும் அலுவலரும்,
ஆனைக்கல் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பீடோர்