கூரைக்கு மேலிருந்த சிறகு

சங்கு. நீளமாக எழுகிறது. நடுவில் உடைகிறது. மறுபடி எழுகிறது.

ஓடுகிறேன். ஒரு செருப்பு கழன்றுவிட்டது. எடுக்கவில்லை. காலனிச் சந்து முழுக்கச் சனம். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. கையில் கரண்டியோடு ஒருத்தி. சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி குவாரி ஆள் கத்துகிறான்.

"வெடீ... வெடீய்... ஊட்டுக்குள்ள இருக்காதீங்க! வெளிய வாங்க!"

ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்ப் பாலம்தான் எங்கள் பதுங்குகுழி. குனிந்து நுழைகிறேன். மூத்திர நாற்றம். ஆட்டுப் புழுக்கை நாற்றம். பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கை என் விலாவில். திரும்பிப் பார்க்கிறேன். என் தங்கை வரவில்லை.

இன்றும் சங்கு ஊதினால் அப்படித்தான் திரும்பிப் பார்க்கிறேன். அவள் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

கிணத்துக்கடவுக்கு மேற்கே, கல்குவாரியை ஒட்டிய காலனி எங்களுடையது. பெரியவர்கள் காலத்தில் பெரும்பாலோர் தோட்டத்துக் கூலி. இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்கள், மில்லுக்குப் போகிறார்கள், கோவையில் நர்ஸாக இருக்கிறார்கள். நான் பக்கத்துப் பள்ளியில் தமிழ் டீச்சர். ரூபி என்று பெயர். தங்கை மெர்சி வீட்டிலேயே தையல். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா கட்டிய வீடு. சிமெண்ட் ஷீட் கூரை. மதியச் சோற்றுக்கு நான் வீட்டுக்கு வருவேன். அதே நேரத்துக்குத்தான் குவாரியில் வெடி.

அப்பா அந்தக் குவாரியில் வெடி வைத்தவர். அப்போது சங்கு கிடையாது. அவர் தொண்டைதான் சங்கு. மூன்று முறை கூவுவார். மூன்றாவதற்குப் பிறகு வெடிப் பெட்டியின் சுவிட்சை அழுத்துவார். அழுத்தினால் அழுத்தியதுதான். வீட்டிலும் அதே கணக்கு. "ரூபீ." பதில் வராவிட்டால் இன்னொரு "ரூபீ." மூன்றாவது ரூபியோடு இடுப்புப் பெல்ட் வரும். பக்கிள் இருக்கும் முனை முதலில் வரும்.

ஞாயிறு பள்ளியில் ஆண்டவரைப் பிதா என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. முகம் தயாராக இருந்தது. மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர். எச்சரிப்பார். பிறகு அழுத்துவார். என் பக்தி முழுவதும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே வளர்ந்தது. பொய் சொல்லமாட்டேன். காணிக்கை தவறமாட்டேன். எல்லோரும் மெச்சினார்கள். முழங்காலில் நிற்கும்போதும் ஒரு கால் வாசலைப் பார்த்தே இருந்தது. நாற்பத்தாறு வயது வரை.

மெர்சி எனக்கு எட்டு வயது இளையவள். அவள் மூன்று வயதில் ஒரு நாள் குவாரிப் பக்கம் போய்விட்டாள். சுவிட்சை அழுத்திய பிறகுதான் அப்பா பார்த்தார். ஓடினார். அவள்மேல் கவிழ்ந்தார். கல் அவர் முதுகைக் கிழித்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அப்பாவின் வயிற்றுக்கு அடியில் இருட்டு, வியர்வை, பீடி வாடை. அவளுக்கு அது மட்டும் நினைவிருந்தது.

"உள்ள சத்தமே கேக்கலைக்கா" என்பாள். பெரியவளான பிறகும் சொல்வாள்.

ஒரே அப்பா. ஒரே சபை. ஒரே பாட்டு. நான் அவர் கையைக் கும்பிட்டேன். அவள் அவர் வயிற்றைக் கும்பிட்டாள்.

எங்கள் சபையில் புதுவருட ஆராதனையில் ஒரு கூடை சுற்றி வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகள். வீட்டுக்கு ஒன்று எடுப்போம். அதிலுள்ள வசனம் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்குச் சொந்தம். நிலைப்படிக்கு மேல் ஒட்டுவோம். மெர்சி செத்த வருடம் அவள்தான் கூடைக்குள் கை விட்டாள். சிறகுக்குள் மறைத்துக் காப்பதாகச் சொல்லும் வசனம் வந்தது. அழுதாள். பாஸ்டர் அட்டையை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"சிஸ்டர், இந்த வருசம் உங்க ஊட்டு மேல ஒரு கல்லு உழுகாதுங்க. சங்கு ஊதுதுன்னு ஓடறமே, அது ஆண்டவரை நம்பலைங்கறதுதானுங்க?"

ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் ஓடவில்லை. சங்கு ஊதும். மெஷினில் உட்கார்ந்து பாடுவாள். தை போனது. மாசி போனது. ஒரு கல் விழவில்லை. அவளைப் பார்த்து இன்னும் சில வீடுகள் ஓடுவதை நிறுத்தின. நான் மூச்சு வாங்கத் திரும்பி வருவேன். சோற்றைப் போட்டு முன்னால் வைப்பாள். வாயும் சும்மா இருக்காது.

"வந்துட்டயா? கோழியாட்ட ஓடற. உன்ற ஆண்டவர் கையில சுவிட்ச வெச்சுட்டு நிக்கறாரு. என்ற ஆண்டவருக்கு றெக்கை இருக்குது."

"றெக்கை கோழிக்குந்தான் இருக்குது அம்மணி. ஞாயித்துக்கெழமை அதைத்தான் கொழம்பு வெக்கறோம்."

புரையேறச் சிரித்தாள்.

ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது அட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். வந்து பார்த்தவள் மைதா காய்ச்சி மறுபடி ஒட்டினாள். மூலை மட்டும் கிழிந்திருந்தது.

ஆனி மாதம். புதன்கிழமை. காற்று இல்லை. முதல் சங்கு. அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது சங்கு. மறுபடி கூப்பிட்டேன். பிறகு பாலத்துக்குள் இருக்கிறேன்.

வெடிச்சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை. பாதத்துக்கு வந்தது. பிறகு துணி கிழிவதுபோல் காற்று. தென்னை மட்டைகளில் சடசடவென்று சின்னக் கல். ரோட்டில் டப் டப்பென்று பெரிய கல். எல்லாம் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று, தனியாக. தட்டு உடைவதுபோல. சின்னச் சத்தம்.

எந்தக் கூரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உரித்த தேங்காய் அளவுதான் கல். ஷீட்டில் அதே அளவு ஓட்டை. ஓட்டை வழியே வெயில் நேராக அவள் தலைமேல் விழுந்தது. மெஷின் ஊசி துணியில் இறங்கியபடியே நின்றிருந்தது. நிலைப்படிக்கு மேல் அட்டை அப்படியே இருந்தது. அதன்மேல் ஷீட் தூசி மட்டும்.

குவாரி மேனேஜர் மாலையோடு வந்தார். கை கூப்பினார். அந்த மரியாதையை மறக்கமாட்டேன்.

"ஏனுங்க டீச்சர், மூணு சங்கும் ஊதினமுங்க. கொடியும் புடிச்சமுங்க. ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டா நாங்க என்னங்க பண்றது?"

அடக்கத்தில் பாஸ்டர் பேசினார். "வசனம் பொய்யாகாதுங்க. நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அந்தச் சிஸ்டர் மனசுல இருந்திருக்குதுங்க."

ஓடாதது குற்றம் என்றார் ஒருவர். நம்பாதது குற்றம் என்றார் மற்றவர். சவப்பெட்டிக்குள் கிடந்தவளால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஓடுவதை நிறுத்தியிருந்தவர்கள் மறுநாள் முதல் சங்குக்கு முன்பே பாலத்துக்குள் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த புதுவருடம் கூடை சுற்றி வந்தது. கை விட்டு எடுத்தார்கள். நான் பக்கத்திலிருந்தவளுக்குத் தள்ளிவிட்டேன்.

ஆண்டவர் அழுத்திவிட்டார் என்றுதான் பல மாதம் நினைத்தேன். தங்கை தவறு செய்தாள், அவர் அழுத்தினார். ஜெபிக்க முழங்கால் மடங்கவில்லை. பயம் போய் வெறுப்பு வந்தது. வெறுப்புக்கும் ஒரு முகம் வேண்டும். எவ்வளவு தேடினாலும் அப்பாவின் முகமே வந்தது. அப்பா நுரையீரலில் கல் தூசி ஏறிச் செத்தவர். அவரை நான் எத்தனை தரம் வெறுப்பது?

பிறகு ஒரு மதியம். பாலத்துக்குள் குந்தியிருக்கிறேன். வெளியே கல் விழுகிறது. சும்மா ஒரு நொடி, கண்ணுக்குள் தெரிகிறது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில், தரையில், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் பெட்டி இல்லை. முதுகில் சிறகில்லை. அவர்மேலும் கல் பட்டிருக்கிறது.

அழவில்லை. ஆறுதலும் வரவில்லை. கல்லைத் தடுக்காதவர். அவளை விட்டு ஓடாதவர். இப்படி ஒருவரிடம் என்ன கேட்பது? பாஸ்டரிடம் சொன்னேன். பின்மாற்றம், விசுவாசத்திலிருந்து சறுக்குவது என்றார். இருக்கலாம். இப்போது ஜெபிக்கும்போது என் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. வாசலைப் பார்ப்பதில்லை. இதை வளர்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இவ்வளவு வளர ஒரு தங்கை செத்திருக்க வேண்டியதில்லை.

இழந்ததை எழுதி வைக்கிறேன். ஒரு சிமெண்ட் ஷீட். பாதியில் நின்ற நீலப் பாவாடை. சுவிட்ச் வைத்திருந்த ஆண்டவர். சிறகு வைத்திருந்த ஆண்டவர். பாலத்துக்குள் என் பக்கத்தில் ஒரு ஆள் குந்தும் இடம். மெர்சி, வயது முப்பத்தெட்டு.

அந்தப் புதன்கிழமை, மூன்றாவது சங்கு ஊதும்போது வாசலில் நின்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வந்துரு கண்ணு! இன்னிக்கு மட்டும் வந்துரு!"

கையை உருவிக்கொண்டாள். அப்பாவின் சிரிப்பு அவளுக்கு.

"நீ ஓடுக்கா. சோறு போட்டு மூடி வெக்கறேன். ஆறறதுக்குள்ள வந்துரு."